உப்புக்காற்றில் நிற்கும் பயிற்சி விமானம்: சீனன்குடாவில் வேலைக்குச் சேருபவருக்கு ஒரு வழிகாட்டி

பறப்புப் பயிற்சிப் பள்ளியொன்றில் பராமரிப்பு உதவியாளராகப் புதிதாகச் சேரும் தம்பி தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானையிலிருந்து வந்து இங்கே, திருகோணமலைச் சீனன்குடாவில், சில வாரம் தங்கும் பள்ளி விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தவருக்கும் இது உதவும். செஸ்னா நிறுவனத்தின் 150, 152, 172 ஆகிய மூன்று சிறு விமானங்களையும் மனதில் வைத்திருக்கிறேன். உலகின் பயிற்சிப் பள்ளிகளில் நீங்கள் அதிகம் காணப்போவது இவற்றைத்தான்.

திருகோணமலையில் ஒரு பயிற்சி விமானத்தைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது கடற்காற்று. பிரித்தானியர் துறைமுகத்தைக் காக்க சீனன்குடா ஓடுபாதையைத் தண்ணீர் ஓரமாகவே அமைத்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டுவீசித் தாக்கியதும் துறைமுகத்துக்காகத்தான். போருக்குப் பொருத்தமாக இருந்த அந்த இடம் அலுமினியத்துக்குப் பொருத்தமான இடமில்லை. இரண்டாவது, பல கைகள். தனியாள் ஒருவரின் விமானத்தை அவர் ஒருவரே ஓட்டுவார், அதன் சத்தம் மாறினால் அவருக்குத் தெரியும். பள்ளி விமானத்தைக் காலையில் ஒருவர், பத்து மணிக்கு இன்னொருவர், பின்னேரம் மூன்றாமவர் ஓட்டுவார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பல தடவை இறங்கி ஏறும். எஞ்சின் முழு வலுவுக்கும் அடங்கிய ஓட்டத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் கொஞ்சம் கவனிப்பார்கள், முழுவதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே இந்த வேலையில் ஸ்பானருக்குச் சமமான கருவி பேனா.

முதலில்: யார் எதைத் தொடலாம்

பராமரிப்பு வேலையைச் செய்து முடித்து, "இது பறக்கலாம்" என்று கையொப்பம் இடும் உரிமை உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியியலாளருக்கு மட்டுமே உண்டு. இலங்கையில் அந்த உரிமத்தையும் விமானத்தின் பறப்புத் தகுதிச் சான்றிதழையும் வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. நீங்கள் கழுவலாம், துடைக்கலாம், பார்க்கலாம். அவர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால் கழற்றவும் பூட்டவும் செய்யலாம். தனியாக ஒரு நட்டையும் இறுக்கிவிடாதீர்கள், அது எவ்வளவு தளர்ந்து தெரிந்தாலும் சரி. தளர்ந்த நட்டு ஒரு தகவல். நீங்கள் இறுக்கிவிட்டால் அது ஏன் தளர்ந்தது என்று தேட யாருக்கும் தோன்றாது.

இன்னொன்று: சீனன்குடா விமானப்படைத் தளம். நினைத்த நேரத்தில் உள்ளே போய் வேலை பார்க்க முடியாது. அனுமதி, நேரம், கொண்டுபோகும் சாமான்களின் பட்டியல் எல்லாவற்றையும் முதல் நாளே ஒழுங்குசெய்து வைத்திருங்கள்.

அடுத்து: புத்தகங்களை வாசியுங்கள்

முதல் வாரத்தில் விமானத்தைவிட அதன் புத்தகங்களோடுதான் கூடுதல் நேரம் இருக்க வேண்டும். விமானியின் கைநூல், தயாரிப்பாளரின் பராமரிப்புக் கைநூல், எஞ்சின் லொக் எனும் பதிவேடு, உடல் லொக், புறொப்பெல்லர் லொக், அன்றாடக் குறைகள் எழுதும் டெக் லொக் ஆகியவற்றை எடுத்து வைத்து மூன்று விடயங்களைத் தேடுங்கள். கடைசி 100 மணித்தியாலப் பரிசோதனை எப்போது நடந்தது? எந்தெந்தக் குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது? எந்தப் பறப்புத் தகுதிக் கட்டளைகள் இந்த விமானத்துக்குப் பொருந்தும்?

கடைசியில் சொன்னதை ஹாங்கரில் எல்லோரும் ஏடி என்பார்கள். ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை தெரியவந்தால், அதை வடிவமைத்த நாட்டின் அதிகார சபை கட்டாயக் கட்டளை வெளியிடும். செஸ்னாவுக்கு அது அமெரிக்காவின் எஃப்ஏஏ. புதியவர்கள் முதலில் படிக்க நான் சொல்வது 2011-10-09 என்ற இலக்கக் கட்டளையை. விடயம் மிகச் சாதாரணமானது: விமானியின் ஆசனம் ஓடும் தண்டவாளத்தின் துளைகளும் அவற்றில் மாட்டி ஆசனத்தைப் பிடிக்கும் ஊசியும் தேய்ந்தால், மூக்கு நிமிர்ந்து மேலே ஏறும் வேளையில் ஆசனம் பின்னால் சறுக்கும். விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லும் அவருடன் பின்னால் வரும், மூக்கு இன்னும் நிமிரும், விமானம் தூக்குவிசையை இழக்கும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. ஒரு நாளில் பல மாணவர்கள் ஆசனத்தை முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கும் பள்ளி விமானத்தில் அந்தத் துளைகள் மற்ற விமானங்களைவிட விரைவாக முட்டை வடிவம் எடுக்கும். நம் கடற்கரை மணல் மாணவர்களின் சப்பாத்தோடு வந்து அந்தத் தண்டவாளத்தில் தேங்கி அதை உரசுகிறது. சிறிய தூரிகையாலும் வக்யூம் கிளீனராலும் அதை வாரம்தோறும் சுத்தம் செய்யுங்கள்.

மணித்தியாலக் கணக்கிலும் கவனம் தேவை. செஸ்னாவில் பெரும்பாலும் இரண்டு மானிகள் இருக்கும். ஹொப்ஸ் மானி எஞ்சின் ஓடிய நேரத்தைக் கடிகாரக் கணக்கில் காட்டும். எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்த டாக் மானி, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மெதுவாக ஓடும். பரிசோதனைக்கு எந்தக் கணக்கு என்று உங்கள் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்புத் திட்டம் சொல்லும். ஒரு நாள் இதையும் மறுநாள் அதையும் எழுதினால் முழுக் கணக்கும் குழம்பிவிடும்.

தினமும் காலையில்: சுற்றிவந்து பார்ப்பது

மாணவர் தன் பறப்புக்கு முந்திய பரிசோதனையைச் செய்வார். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை செய்யுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே திசையில் சுற்றுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசினால், திரும்பி வந்ததும் கொஞ்சம் பின்னாலிருந்து தொடருங்கள்.

எரிபொருளிலிருந்து ஆரம்பியுங்கள். இங்கே இரவில் ஈரம் அதிகம், அரைத்தாங்கி வெறுமையாக நின்றால் அதன் உள்சுவரில் நீர் படியும். அதனால்தான் பின்னேரம் கடைசிப் பறப்பு முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைப்பது நல்லது, மறுநாள் எடைக்கணக்கு இடம்தந்தால். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே புக இதைவிடப் பெரிய வழி மூடியின் றப்பர் வளையம். பழைய செஸ்னாக்களில் சிறகோடு மட்டமாக அமர்ந்த மூடிகளின் வளையம் வெயிலில் இறுகி வெடித்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். மூடியைத் திறந்து வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்.

சிறகின் அடியிலும் மூக்கின் அடியிலும் உள்ள வடிகால்கள் ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 172எஸ் மாதிரியில் மொத்தம் 13 வடிகால்கள். பதின்மூன்றையும் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் தண்ணீர் எந்த ஒன்றில் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கனமானது, குவளையின் அடியில் முத்தாக நிற்கும். இங்கே புதியவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில்: குவளை முழுவதும் தண்ணீராக இருந்தால் கோடு எதுவும் தெரியாது, பளிங்காக அழகாக இருக்கும். ஆகவே கோட்டை மட்டும் தேடாமல் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். நம் பிஸ்ரன் எஞ்சினுக்கான விமானப் பெற்றோலான 100எல்எல் அவ்காஸ் இளநீல நிறம். டர்பைன் விமானங்களுக்கான ஜெட் ஏ-1 நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம், மண்ணெண்ணெய் மணம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் டர்பைன் விமானங்களும் இறங்கும் தளத்தில் இரண்டு எரிபொருளும் மாறிப்போக வாய்ப்பு உண்டு. சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள். அவ்காஸ் காய்ந்து போய்விடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்ப்பிசுக்காக நிற்கும். நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு ஒயில். 152 இல் 4 குவாட்டுக்குக் குறைவாக இருந்தால் பறக்கக் கூடாது. ஒரு குவாட் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. கூடுதலாக ஊற்றினால் அது சுவாசக் குழாய் வழியாக வெளியே தள்ளப்பட்டு வயிற்றுப்பக்கம் முழுவதும் பூசும், அதில் உப்பும் தூசும் ஒட்டிக்கொள்ளும். ஊற்றிய ஒவ்வொரு குவாட்டையும் மணித்தியாலக் கணக்கோடு எழுதுங்கள். எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்பது மாதக்கணக்கில் எழுதி வைத்தால்தான் தெரியும், திடீரென்று கூடினால் அது ஒரு சேதி.

புறொப்பெல்லரை எப்போதும் எஞ்சின் ஓடத் தயாராக இருப்பதாகவே நினைத்துத் தொடுங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னெற்றோவை அணைக்கும் நிலக்கம்பி அறுந்திருந்தால், சாவி கையில் இருந்தாலும் ஒரு சுற்றில் எஞ்சின் பற்றிக்கொள்ளும். தகட்டின் முன்விளிம்பை விரல்நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடக்கினால் அங்கே கல் பட்டிருக்கிறது. அரிசிமணி அளவான வெட்டிலிருந்தும் விரிசல் ஓடி, நுனி பறந்துபோக இடமுண்டு. அதை அராவிச் சரிசெய்வது பொறியியலாளரின் வேலை. கிறவல் கிடக்கும் இடத்தில் எஞ்சினை முடுக்கிப் பரீட்சிக்க வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்வது உங்கள் வேலை.

வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிற்றோ குழாயும் எரிபொருள் தாங்கியின் காற்றுக்குழாயும் நம்மூர்க் குளவிக்கு வாய்ப்பான இடம். மண் குளவி ஒரு நாள் பகலுக்குள் குழாயை அடைத்துவிடும். மூடியில்லாமல் நிறுத்தி மதியச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிற்றோ குழாய் அடைபட்டு வேகமானி பொய் சொன்னதே தொடக்கம், பூச்சிக்கூடே அதை அடைத்திருக்கும் என்று விசாரணை கருதியது. அவ்வளவு பெரிய விமானத்துக்கும் நம் சின்ன விமானத்துக்கும் அந்தக் குழாய் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

கௌலிங் எனும் எஞ்சின் மூடியின் முன் துவாரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மைனா ஒரு காலைக்குள் கூடுகட்டப் போதிய வைக்கோலைக் கொண்டுவந்துவிடும். அந்த வைக்கோல் சூடான எக்ஸோஸ்ற்றில் பட்டால் தீ.

உப்போடு போராட்டம்

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. செஸ்னாவின் கைநூலில் உலகை அரிப்பின் கடுமைப்படி பிரித்துக் காட்டும் வரைபடங்கள் உண்டு. பழைய 100 வரிசை விமானங்களுக்கு எஸ்ஐடி எனப்படும் மேலதிகக் கட்டமைப்புப் பரிசோதனைகளை நிறுவனம் பின்னர் சேர்த்தபோது, எந்த வலயத்தில் நிற்கும் விமானத்தை எவ்வளவு அடிக்கடி திறந்து பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொன்னது. வெப்பமும் ஈரமும் உப்பும் சேர்ந்த கரை கடுமையான வலயம். வெளிநாட்டில் உலர்ந்த இடத்தில் நின்ற விமானத்துக்குப் போட்ட இடைவெளியை நாம் அப்படியே எடுக்கக் கூடாது.

விமானத்தின் தோல் பெரும்பாலும் 2024 என்ற அலுமினியக் கலவை. செம்பு சேர்த்ததால் அது உறுதியானது, அதே செம்பால் விரைவில் அரிபடும். அதைக் காப்பது மேலும் கீழும் படிந்த மெல்லிய தூய அலுமினியப் படலம். அந்தப் படலத்தைச் சுரண்டிவிட்டால் உள்ளே இருப்பது காற்றுக்குத் திறந்துவிடும். ஆகவே இரும்புப் பஞ்சால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் படலமும் போகும், இரும்புத் துகளும் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அரிப்பைத் தொடங்கும்.

கழுவும் முறை இது. முதலில் தண்ணீரைத் தெரிவு செய்யுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரை ஊற்றிப் பயனில்லை. கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரை எடுங்கள். விமானத்தை நிழலுக்குக் கொண்டுவந்து, தோல் ஆறும்வரை விடுங்கள். பிற்றோ குழாயையும், உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் பக்கவாட்டு ஸ்ரற்றிக் துவாரங்களையும் மூடுங்கள். ஸ்ரற்றிக் துவாரத்தை மூட, கண்ணில் குத்தும் நிறத்தில், நீளமாக வால் தொங்கும் பட்டி வேண்டும். 1996 ஒக்டோபரில் லீமாவில் கழுவித் துடைத்த விமானமொன்றில் வெள்ளி நிற ஒட்டுநாடா துவாரங்களில் தங்கிவிட்டது. இரவில் புறப்பட்ட அதன் விமானிகளுக்கு உயரமும் வேகமும் தெரியவில்லை. 70 பேர் இறந்தார்கள். ஒட்டியவரே கழற்ற வேண்டும், இன்னொருவர் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழாக உப்பைக் கரையவிடுங்கள். காய்ந்த உப்பின் மேல் துணியைத் தேய்த்தால் பெயின்ற் கீறும். பிறகு மென்மையான, விமானத்துக்கென்று அனுமதித்த சோப்பு. வீட்டில் பாத்திரம் கழுவும் காரமான தூள் வேண்டாம். அழுத்தத்தோடு பீச்சும் இயந்திரத்தைக் கீல்கள், சில்லு பேரிங்குகள், எஞ்சின் பகுதி ஆகியவற்றுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், அது உப்பையும் மண்ணையும் உள்ளே தள்ளிக் கிறீஸை வெளியே எடுத்துவிடும். சிறகின் பின்விளிம்பில் அசையும் எயிலரன், பிளாப், வால் பகுதி, வயிறு எல்லாவற்றிலும் கீழ்ப்பக்கத்தில் சிறு வடிதுளைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால் கழுவிய தண்ணீர் உள்ளேயே தங்கும். கழுவியதால் வரும் கேடு கழுவாததால் வரும் கேட்டைவிடப் பெரிதாகிவிடும். கழுவிய பிறகு கதவுகளைத் திறந்து, கட்டுப்பாடுகளை இரு பக்கமும் அசைத்து, வெளியில் காற்றில் காயவிட்டு, கைநூல் சொல்லும் இடங்களுக்கு எண்ணெயும் கிறீஸும் இடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை கழுவுவதை நான் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

கண்ணாடிபோல் தெரியும் முன்திரை பிளாஸ்டிக். அதில் முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, வெறுங்கையால் மண்ணைத் தள்ளிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் மேலும் கீழுமாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல்கள் வெயிலுக்கு எதிரே பறக்கையில் வட்ட ஒளியாகக் கண்ணைக் கூசவைக்கும். அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவமும் பெற்றோலும் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

எங்கே பார்ப்பது? பெயின்ற் அப்பளம் பொரிந்ததுபோல் உப்பியிருந்தால் அதன் கீழே வெள்ளைப் பொடி இருக்கும். பெயின்றுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் தெரிந்தால் அதுவும் அரிப்பே. ரிவெற்றைச் சுற்றிக் கறுப்பு வால் தெரிந்தால் ரிவெற் ஆடுகிறது. உருக்கு போல்ட் அலுமினியத்தைத் தொடும் ஒவ்வோர் இடமும், குறிப்பாகச் சிறகுத் தாங்கியின் இரு முனைகளும், சந்தேகத்துக்குரியது: இரண்டு உலோகமும் நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் தேயும். பற்றரிப் பெட்டியின் அடி, கம்பளத்தின் கீழ், வயிற்றுப்பக்க அறைகள், பியானோக் கீல்களின் கம்பி ஆகியவற்றையும் பாருங்கள். பிரதான சில்லுகளைத் தாங்கும் வளைந்த உருக்குக் காலில் பெயின்ற் உரிந்த இடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே துருக்குழி விழுந்தால், ஒவ்வொரு இறக்கத்திலும் வளைந்து நிமிரும் கால் அந்தக் குழியிலிருந்துதான் வெடிக்கும். கட்டுப்பாட்டுக் கம்பிவடங்களைப் பொறியியலாளர் துணியால் வருடிப் பார்ப்பார். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது, வடம் மாற்றப்படும்.

ஏசிஎஃப்-50 போன்ற அரிப்புத் தடுப்பு எண்ணெயை உடலின் உட்பகுதிகளில் மெல்லிய புகையாகத் தெளிப்பார்கள். அது இணைப்புகளுக்குள் ஊர்ந்து தண்ணீரை வெளியேற்றும். சில நாட்களுக்கு ரிவெற்றுகளிலிருந்து கசியும், அழுக்குப் பிடிக்கும், பார்க்க அழகாக இருக்காது. அழகைவிட அது முக்கியம். பிரேக் தட்டில் மட்டும் படவிடாதீர்கள்.

எஞ்சின்: நிற்பதுதான் அதற்குப் பகை

லைக்கமிங் நிறுவனத்தின் எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் காம் தண்டு மேலே இருக்கிறது. ஓடி நின்றதும் ஒயில் மெல்ல வழிந்து கீழே போய்விடும், மேலே உலோகம் ஈரக்காற்றுக்குத் திறந்து நிற்கும். துரு பிடித்த காம் மீண்டும் ஓடும்போது அரைபட்டு, அந்த உருக்குப் பொடி முழு எஞ்சினையும் சுற்றிவரும். லைக்கமிங் சொல்வது: குறைந்தது 30 நாளுக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலம் தொடர்ந்து, ஒயில் 74 முதல் 93 பாகை செல்சியஸில் இருக்கும்படி பறக்க வேண்டும். கடலோர ஈரத்தில் இன்னும் அடிக்கடி. "பறக்காவிட்டால் என்ன, தினமும் ஐந்து நிமிடம் ஓடவிடுவோம்" என்ற நல்ல எண்ணம் தீமையே செய்யும். தரையில் ஓட்டினால் எரிவதிலிருந்து வரும் நீராவி ஒயிலில் கலக்கும், அதை வெளியேற்றும் சூடு வராது. கையால் புறொப்பெல்லரைச் சுற்றிவிடுவதும் வேண்டாம், அது மிச்சமிருக்கும் ஒயில் படலத்தையும் துடைத்துவிடும்.

ஒயில் மாற்றும் இடைவெளி, முழு ஓட்ட ஃபில்டர் பூட்டிய லைக்கமிங்குக்கு 50 மணித்தியாலம், வெறும் சல்லடை மட்டும் இருந்தால் 25, எப்படியிருந்தாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பள்ளியில் வேலை குறைந்த மாதங்களில் அந்த நான்கு மாதத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். விமான ஒயில் டப்பாவில் 100 என்று இருப்பது மோட்டார் கடைக்காரர் சொல்லும் 50 தடிப்பு. அதற்காக மோட்டார் ஒயிலை ஊற்றிவிட முடியாது, அதில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகிச் சிலிண்டருக்குள் கனன்று கேடு செய்யும். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்து, வெயிலில் பாருங்கள். மினுங்கும் துகள் இருந்தால் காந்தத்தைப் பிடியுங்கள். ஒட்டினால் உருக்கு. உடனே பொறியியலாளரிடம் போங்கள், ஃபில்டரை எறியாதீர்கள்.

பயிற்சி எஞ்சின் அதிக நேரம் அடங்கிய ஓட்டத்தில் இருப்பதால் அவ்காஸில் உள்ள ஈயம் கீழ்ப் பிளக்குகளில் மணிமணியாகப் படியும். இரண்டு மக்னெற்றோவில் ஒன்றை மாறி மாறி அணைத்துப் பார்க்கும் மக்னெற்றோப் பரிசோதனையில் எஞ்சின் நடுங்கும். 152 இல் நிமிடத்துக்கு 1700 சுழற்சியில் ஒவ்வொரு மக்னெற்றோவுக்கும் வீழ்ச்சி 125 ஐத் தாண்டக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50 ஐத் தாண்டக் கூடாது. கூடுதலாக விழுந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். கொஞ்சமும் விழாமல் இருந்தால் மகிழ்ந்து போவார்கள், அதுதான் பிழை. விழவே இல்லையென்றால் அந்த மக்னெற்றோ அணையவில்லை, நிலக்கம்பி அறுந்திருக்கலாம். முன்னே சொன்ன புறொப்பெல்லர் ஆபத்து இதுதான்.

சிலிண்டர் அழுத்தப் பரிசோதனையில் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள். 80 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு எவ்வளவு தங்குகிறது என்று பொறியியலாளர் அளப்பார். தப்பும் காற்று எக்ஸோஸ்ற்றில் சீறினால் வெளிவால்வு, காபரேற்றர் பக்கம் சீறினால் உள்வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்ரன் வளையம். பெரிய கருவியின் உதவியின்றிக் கற்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் அது.

பல கைகள் விட்டுப்போகும் காயங்கள்

மூக்குச் சில்லில் இறங்குவது மாணவர்களுக்கு வழக்கமான தவறு. அந்த அடி மூக்குக் காலின் வழியாக எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவருக்குப் போகும். 172 இல் அந்தச் சுவரும் அதன் அருகிலுள்ள தோலும் சுருங்கியிருக்கிறதா என்று கௌலிங் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். புறொப்பெல்லர் நுனி, வாலின் அடி வளையம், பிரதான கால்கள் உடலோடு சேரும் இடம், சிறகின் மேல்தோல் ஆகியவற்றையும் பலத்த இறக்கத்துக்குப் பின் பார்க்க வேண்டும். அதற்கெனக் கைநூலில் தனிப் பரிசோதனை உண்டு.

ஆனால் பலத்த இறக்கம் நடந்தது உங்களுக்கு யார் சொல்வார்? "அண்ணை, மூண்டாவது லாண்டிங்கில கொஞ்சம் அடிச்சு இறக்கிப்போட்டன்" என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், ஏசாதீர்கள். "சொன்னது நல்லது, வா, ரெண்டு பேருமாப் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுங்கள். ஏச்சு விழும் பள்ளியில் டெக் லொக் சுத்தமாக இருக்கும், விமானம் பழுதாக இருக்கும். பக்கம் பக்கமாக வெறுமையாக உள்ள டெக் லொக்கைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பள்ளியின் பழக்கத்தைத்தான். பள்ளி நடத்துபவர்களே, குறை எழுதியவருக்கு அன்றைய பறப்புப் போய்விட்டால் வேறொரு நாள் கொடுங்கள். அது பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி.

எழுதும்போது கண்டதை எழுதச் சொல்லுங்கள். "பிரேக் சரியில்லை" என்பதால் பயனில்லை. "இடது பிரேக் மிதி முழுவதும் கீழே போகிறது, இரண்டாம் தடவை மிதித்தால் பிடிக்கிறது" என்றால் பாதி வேலை முடிந்தது: பாதையில் காற்றுப் புகுந்திருக்கலாம் அல்லது கசிவு இருக்கலாம். இந்த பிரேக்கில் ஓடுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய், 5606 என்ற இலக்கம். பட்டணத்து மோட்டார் கடையில் கிடைக்கும் பிரேக் ஒயிலை ஊற்றினால் உள்ளே உள்ள றப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்கவே வேண்டாம்.

டயருக்கு காற்று கைநூலில் உள்ள அளவு: 152 இல் பிரதான சில்லுக்கு 21 பிஎஸ்ஐ, மூக்குச் சில்லுக்கு 30. பார்வையால் மதிக்காமல் மானி வைத்துப் பாருங்கள். டயரில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் யாரோ பூட்டிய பிரேக்கோடு இறங்கியிருக்கிறார். மூக்குச் சில்லு ஓடும்போது உதறினால் நடுக்கம் தணிப்பானையும் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காலநிலையோடு ஒழுகுதல்

மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று சூடும் தூசும் கொண்டது. காற்று ஃபில்டரைக் கூடுதலாகச் சுத்தம் செய்யுங்கள். காபரேற்றர் சூட்டுக் கைப்பிடியை இழுத்தால் காற்று ஃபில்டரைத் தாண்டி நேரே உள்ளே போகும், ஆகவே தூசுத் தரையில் அதைத் தேவைக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம். ஒயில் ஆய்வில் சிலிக்கன் கூடியிருந்தால் மண் உள்ளே போகிறது என்று பொருள். சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் தகடுகளின் றப்பர் ஓரங்கள் மடிந்திருந்தால் காற்று வேறு வழியில் போய்விடும், இந்த மாதங்களில் சிலிண்டர் சூடு உடனே காட்டும். உள்ளே முன்திரைக்கு வெயில் மறைப்பு போடுங்கள். பொலித்தீனால் முழு விமானத்தையும் போர்த்துவது தவறு: ஈரம் உள்ளே சிறைப்படும், மணல் உரசும்.

நவம்பர், டிசம்பரில் பெருமழை. கட்டும் கயிறு நைலோனாக இருக்கட்டும், தும்புக் கயிறு வேண்டாம். கட்டுப்பாட்டுப் பூட்டை மாட்டி, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, இரு சிறகையும் வாலையும் நிலத்தில் ஊன்றிய வளையங்களில் கட்டுங்கள். சூறாவளி வருகிறதென்றால் கயிற்றை நம்பாமல் ஹாங்கருக்குள் வையுங்கள், இடமில்லையென்றால் காற்று எழுமுன்னரே வேறு தளத்துக்குப் பறந்து போய்விட வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. எச்சரிக்கை நாட்கணக்கில் முன்பே கிடைத்தது. முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒக்டோபரிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

100 மணித்தியாலம் வருமுன்

பரிசோதனைக்கு 20 மணித்தியாலம் இருக்கும்போதே உதிரிப் பாகங்களைக் கேட்டுவிடுங்கள். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கு ஆகும், விமானம் அத்தனை நாளும் உப்புக்காற்றில் நிற்கும். வரும் ஒவ்வொரு பாகத்தோடும் அதன் விடுவிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத பாகம் எவ்வளவு புதிதாக மின்னினாலும் அது விமானத்துக்கு உரியதில்லை.

கருவிகளை, ஒவ்வொன்றின் நிழல் வரைந்த பலகையில் மாட்டுங்கள். கௌலிங் மூடுமுன் பலகையைப் பாருங்கள். ஒரு இடம் வெறுமையாக இருந்தால் மூட வேண்டாம், அந்த ஸ்குறூ டிரைவர் கிடைக்கும்வரை விமானம் பறக்காது. துணிகளையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

நீண்ட நாள் நிற்கப்போகிறதென்றால் அதை முன்கூட்டியே அறிவித்து, எஞ்சினுக்குப் பாதுகாப்பு ஒயில் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் போட்டு, துவாரங்களை அடைத்து, அடைத்தவற்றின் பட்டியலைக் கட்டுப்பாட்டுச் சில்லில் கட்டித் தொங்கவிடுங்கள். மீண்டும் எழுப்பும் நாளில் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கழற்றப்பட்டு, பக்கத்தில் கையொப்பம் விழுந்த பிறகே பற்றரியை இணைக்க வேண்டும்.